மூணாறு குளிரும் இரண்டு ஊசியும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மூணாறில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தார். ஸ்வெட்டர் பின்ன ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். என் பையில் எப்போதும் நூல்கண்டு ஒன்று இருக்கும் என்பதால் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து ஏதாவது கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கடையில் ரெடிமேடு ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?

காசு மிச்சம் பிடிக்கத்தான் என்றால் வேண்டாம், கடைக்கே போங்கள். பெரியவர் ஒருவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன 500 கிராம் அளவுக்கு நூல் வேண்டும். கொஞ்சம் நல்ல நூலாகப் பார்த்தால் அதன் விலையே ரெடிமேடு விலையைத் தொட்டுவிடும். ஆள்கூலியைக் கணக்கில் சேர்த்தால் சிரிப்பு வரும்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் அப்பா வருஷக்கணக்கில் மூட்டை சுமந்தவர், இடது தோள் நன்றாக இறங்கியிருக்கும். எந்த ரெடிமேடு ஸ்வெட்டரும் அவருக்கு அந்தப் பக்கம் வழிந்துகொண்டே இருக்கும். அம்மா பின்னியதில் மட்டும் இடது தோளில் நான்கு வரிசை குறைவு. போட்டால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ‘ஏன் குறைச்சே’ என்று அவர் கேட்டதுமில்லை, அம்மா சொன்னதுமில்லை.

இதற்கெல்லாம் எங்கே நேரம்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நானும் நேரம் ஒதுக்குவதில்லை. கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையம். 100 கண்ணி உள்ள ஒரு வரிசை எனக்கு நாலைந்து நிமிஷம். குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கையில் ஒரு வரிசை ஆகிவிடும். பஸ் வராத நேரத்தில் நாலு வரிசை. ஜூன் மாத மழை வெளியே போகவிடாமல் அடிக்கிறபோது ஒரு முன்பக்கமே முடிந்துவிடும். தையல் மிஷின் மாதிரி உட்கார இடமோ மின்சாரமோ கேட்காது, சமையல் மாதிரி நடுவில் விட்டால் தீயாது. எந்தக் கண்ணியில் விட்டோமோ அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் சரிப்படாது. ஒன்று, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஊசியை எடுப்பது. இன்னொன்று போடிமெட்டுப் பாதை. போடியிலிருந்து ஏறும்போது முந்தல் வரை நன்றாகப் பின்னலாம். அதற்கப்புறம் 17 கொண்டை ஊசி வளைவு. குனிந்து கண்ணி எண்ணினால் பாதி வழியிலேயே குமட்டிக்கொண்டு வரும். அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

ஆரம்பிக்க என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு ஜோடி ஊசி, 100 கிராம் நூல், ஒரு தடித்த தையல் ஊசி. அவ்வளவுதான்.

ஊசி எண்ணில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. எண் கூடக்கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. வெளிநாட்டு வீடியோவில் ‘4 ஊசி’ என்று சொல்வது மில்லிமீட்டராக இருக்கலாம். அதைக் கேட்டுவிட்டுக் கடையில் 4-ஆம் எண் வாங்கினால் கட்டைவிரல் மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள். கையில் 8-ஆம் எண் இருந்தால் முதல் வருஷம் ஓடிவிடும்.

நூலில் வெளிர் நிறமாக வாங்குங்கள், கண்ணி தெளிவாகத் தெரியும். ஆனால் கொழுந்து கிள்ளும் கை என்றால் வெள்ளை வேண்டாம். விரல் இடுக்கில் ஏறிய தேயிலைக் கறை சோப்புக்கு மசியாது, முதல் பத்து வரிசையிலேயே நூல் சாம்பல் நிறமாகிவிடும். அம்மா எப்போதும் அரக்கு, கருநீலம், பாட்டில் பச்சை என்று வாங்கியதன் ரகசியம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

குரோஷா எளிதா, இரட்டை ஊசிப் பின்னல் எளிதா?

குரோஷா எளிது. ஒரே கொக்கி ஊசி, கையில் ஒரே ஒரு கண்ணி. தப்பினாலும் ஒன்றுதான் அவிழும். இரட்டை ஊசியில் ஒரு வரிசை முழுக்க உயிரோடு ஊசியில் நிற்கும், உருவிவிட்டால் வம்பு. ஆனால் குரோஷா நூல் அதிகம் தின்னும், துணியும் விறைப்பாக நிற்கும். பை, மேசை விரிப்பு, பொம்மைக்கெல்லாம் குரோஷா போதும். உடம்போடு வளைந்து கொடுக்க வேண்டிய ஸ்வெட்டருக்கும் சாக்ஸுக்கும் என் ஓட்டு இரட்டை ஊசிக்குத்தான்.

கடையில் ‘உல்லன்’ என்று தருவது உண்மையிலேயே கம்பளியா?

பெரும்பாலும் இல்லை. மூணாறு பஜாரில் நாம் ‘உல்லன்’ கேட்போம், மலையாளக் கடைக்காரர் ‘கம்பிளி நூலா?’ என்று திருப்பிக் கேட்டு எடுத்துப் போடுவார். சொல் எதுவானாலும் கைக்கு வருவது அநேகமாக லூதியானா ஆலைகளில் தயாரான அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் இழை. அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, லேபிளில் எழுதித்தான் இருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

லேபிள் இல்லாத நூல் என்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டு ரோமம் என்றால் சுருண்டு மெதுவாக எரியும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும். தலைமுடி கருகிய நாற்றம் வரும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியபின் கறுப்பாக மணி மாதிரி கெட்டியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

அக்ரிலிக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். துவைக்கச் சுலபம், பூச்சி தின்னாது, குழந்தைகளுக்கு உறுத்தாது. ஆனால் கம்பளியின் ஒரு குணம் அதற்கு வராது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். மூடுபனிக்குள் காலை ஏழு மணிக்கு நடந்து போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். செண்டுவாரை மாதிரி மேட்டு எஸ்டேட்களில் ஜனவரியில் புல் மேல் உறைபனி படியும். அந்த நாட்களில் நான் எடுப்பது அம்மாவின் பழைய நூலில் பின்னியதைத்தான்.

முதலில் என்ன பின்னலாம்? மப்ளர்தானே?

எல்லோரும் மப்ளர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றரை மீட்டர் ஒரே மாதிரி பின்னுவதற்குள் புதியவருக்கு வெறுத்துவிடும். ஒரு குல்லா பின்னுங்கள், நாலைந்து நாளில் தலையில் ஏறிவிடும்.

பின்னலில் அடிப்படை இரண்டே கண்ணிதான், நிட், பர்ல். இந்தி வீடியோவில் ‘சீதா’, ‘உல்ட்டா’ என்று சொல்வதும் இதுதான். நூல் பின்பக்கம் இருக்க, ஊசியை முன்னாலிருந்து பின்னே நுழைத்து இழுத்தால் நிட். நூல் முன்பக்கம் வர, ஊசி பின்னாலிருந்து முன்னே வந்தால் பர்ல். 8-ஆம் எண் ஊசியில் 90 கண்ணி ஏற்றி, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போங்கள், வரிசை இரண்டு நிட்டில் முடியும். திரும்பும்போது இரண்டு பர்ல், இரண்டு நிட். மேடும் பள்ளமுமாக ரப்பர் மாதிரி இழுபடும் துணி வரும். 22 சென்டிமீட்டர் ஆனதும் நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணி வழியாகவும் உருவி, சுருக்குப் பை வாயை இழுப்பதுபோல் இறுக்குங்கள். பக்கவாட்டை இணைத்துத் தைத்தால் முடிந்தது. 100 கிராம் நூலில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஸ்வெட்டருக்கு எத்தனை கண்ணி ஏற்றுவது என்று எப்படித் தெரியும்?

‘பெரிய ஆளுக்கு 110’ என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். அது சொல்கிறவர் கைக்குச் சரி, உங்கள் கைக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவர் இறுக்கிப் பின்னுவார், ஒருவர் தளர்த்தி. அதே நூல், அதே ஊசியில் 30 கண்ணி ஏற்றி ஒரு சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள்.

22 வந்தது என்று வையுங்கள். மார்புச் சுற்று 90 செ.மீ., தளர்ச்சிக்கு 8 சேர்த்து 98. முன்பக்கம் அதில் பாதி, 49 செ.மீ. ஒரு சென்டிமீட்டருக்கு 2.2 கண்ணி வீதம் 108, தைக்க ஓரத்துக்கு இரண்டு, ஆக 110. சதுரம் பின்னாமல் அதே 110-ஐ ஏற்றி, உங்கள் கை 10 செ.மீ.க்கு 20 கண்ணி போடும் கையாக இருந்தால் ஸ்வெட்டர் 108 செ.மீ. சுற்றளவுக்கு வந்து நிற்கும். என் முதல் ஸ்வெட்டர் அப்படித்தான் வந்தது. அதற்குள் நானும் என் மதினியும் சேர்ந்தே நுழையலாம் என்று வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கண்ணி நழுவிவிட்டால் எல்லாம் போச்சா?

இல்லை. நழுவிய கண்ணி கீழே ஏணி மாதிரி படிபடியாக இறங்கியிருக்கும். ஒரு குரோஷா ஊசியை அந்தக் கண்ணியில் மாட்டி, ஒவ்வொரு படியையும் இழுத்து இழுத்து மேலே ஏற்றிவிடலாம். அதுவரை கண்ணி மேலும் ஓடாமல் ஒரு சேப்டி பின் மாட்டி வைத்தால் போதும்.

தப்பு பெரிதாக இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது, ஆனால் பின்னியதை நூலாக்கித் திரும்பவும் பின்னலாம். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் அம்மா ஊட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது அரக்கு நிற நூல் வாங்கி வந்து தனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறார். நான் நாலாம் வகுப்பு வந்தபோது பள்ளியில் அரக்கு ஸ்வெட்டர்தான் போட வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி லயத்து வாசலில் உட்கார்ந்து அம்மா தன் ஸ்வெட்டரை அவிழ்த்தார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க, நூல் என் கையில் சுற்றிக்கொண்டே வந்தது. முழங்கைப் பக்கத்து நூல் மட்டும் நைந்து நைந்து அறுந்தது, அதைத் தனியே ஒதுக்கினார். எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது. ‘கையை இறக்காதட்டி, சிக்கு விழும்’ என்று ஒரு அதட்டு.

அதே நூல் பின்னாளில் என் மகளுக்குக் குல்லாவும் சாக்ஸும் ஆனது. அப்போது ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன், முடி கருகும் நாற்றம். அம்மாவிடம் சொன்னதற்கு, ‘அப்பவே சொன்னேன்ல, அது ஆட்டு ரோமம்னு. கிழவி பேச்சை யார் கேக்கா’ என்றார்.

அவிழ்த்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். அப்படியே பின்னினால் கண்ணி கோணலாக வரும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடுங்கள். கம்பளி நிமிர்ந்துவிடும். அக்ரிலிக் அவ்வளவு சொன்னபடி கேட்காது, ஓரளவுக்கு வரும்.

ரோமத்தை வீட்டிலேயே நூலாக நூற்க முடியுமா?

முடியும். எனக்கு இதில் பைத்தியம் கொஞ்சம் அதிகம், பதிலும் நீளமாகத்தான் இருக்கும்.

முதல் சிக்கல் ரோமம் கிடைப்பது. நம் பக்கத்துச் செம்மறி எல்லாம் கம்பளி தராது. தென்மாவட்டத்தார் எல்லோருக்கும் தெரிந்த வேம்பூர் பொட்டாடு, சேலம் பக்கத்து மேச்சேரி ஆடு, இவற்றின் உடம்பில் இருப்பது குட்டை முடி. கோயம்புத்தூர் இனத்தில் கம்பளி உண்டு, ஆனால் முரட்டு ரகம். மெல்லிய ரோமம் என்றால் நீலகிரி இனம், அதற்கு ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்னொன்று பாரத் மெரினோ. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில், ராஜஸ்தானின் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில் வளர்க்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மன்னவனூர் எங்களுக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். வட்டவடை, கோவிலூர்க்காரர்கள் அந்தக் காலத்தில் மலைவழியாகவே கிளாவரைக்கு நடந்து போனவர்கள். டாப் ஸ்டேஷன் வழியாகக் கொடைக்கானலுக்கு இருந்த பழைய ரோட்டையும் 1990-இல் மூடிவிட்டார்கள். இப்போது மலையிறங்கி, தேனி, வத்தலக்குண்டு சுற்றி, மறுபடி மலையேறித்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் தந்த ஒரு கிலோ ரோமத்தை அப்படித்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார்.

கழுவும்போது அந்த நாற்றம் போய்விடும், கூடவே எடையும் போகும். ஆட்டின் தோலில் ஊறும் மெழுகு, மண், வியர்வை உப்பு எல்லாம் கரைந்ததும் என் ஒரு கிலோ 600 கிராம் சொச்சம்தான் நின்றது. நல்ல வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, ரோமத்தை அமுக்கி ஊறவிட வேண்டும். கலக்கவோ கசக்கவோ கூடாது. அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். அந்த மெழுகுதான் லேனோலின், பாதவெடிப்புக் களிம்புகளில் சேர்ப்பார்களே, அது. கழுவாத ரோமத்தை அரைமணி நேரம் பிரித்துக்கொண்டிருந்தால் கை பூப்போல ஆகிவிடும்.

காய்ந்த ரோமத்தை விரலால் பிரித்து, நாய்க்குச் சீவும் கம்பி பிரஷ் இரண்டை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று சீவி, சுருட்டிப் பட்டையாக்குங்கள். நூற்க ராட்டை தேவையில்லை. பென்சில் பருமனில் ஒரு முழத்துக்குக் குறைவான மூங்கில் குச்சி, அடியில் இரண்டு பழைய சிடி தட்டு, ஓட்டை ஆடாமல் இருக்க ரப்பர், உச்சியில் ஒரு சின்னக் கொக்கி. இதுதான் என் தக்களி.

குச்சியில் ஒரு நூலைக் கட்டி, கொக்கியில் மாட்டி, நூல் முனையோடு ரோமத்தைச் சேர்த்துப் பிடித்துத் தக்களியைச் சுழற்றுங்கள். முறுக்கு கீழிருந்து மேலே ஏறி வரும். மேலே கிள்ளிப் பிடித்திருக்கும் விரல்தான் மதகு. திறந்தால் முறுக்கு ரோமத்துக்குள் பாய்ந்துவிடும், அப்புறம் ஒரு இழைகூட நகராது. ஆகவே விரலை மூடிவைத்து முதலில் ரோமத்தை இழுத்து மெலிதாக்குங்கள், அப்புறம் மதகைத் திறந்து அந்த மெலிந்த துண்டுக்கு மட்டும் முறுக்கை விடுங்கள். திரும்ப மூடுங்கள். ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வராது. தக்களியை முழங்காலுக்கு நடுவே நிறுத்திவைத்து இழுங்கள், தப்பில்லை.

போடியில் இருக்கும் எங்கள் பெரியப்பா பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் தக்களி நூற்றவர். என் நூலைப் பார்த்துவிட்டு, ‘ஏம்மா, இது நூலா, ஆடு கட்டுற கயிறா?’ என்றார். வாங்கி அவரே சுற்றினார். பருத்தியைச் சுற்றுகிற வேகத்தில் முறுக்கி முறுக்கி, நூல் விறைத்துச் சுருண்டு பாம்பு மாதிரி நெளிந்தது. பருத்தி இழை இரண்டரை, மூன்று செ.மீ.தான் இருக்கும், அது பிரியாமல் நிற்க நிறைய முறுக்கு வேண்டும். மெரினோ இழை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம், தானாகவே சுருள் சுருளாக இருந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் முறுக்கு போதும். நாலாவது நாள் பெரியப்பா என்னைவிட அழகாக நூற்றார், அது வேறு விஷயம். 1950-களில் பேசப்பட்ட அம்பர் சர்க்கா என்ற கைராட்டையை உருவாக்கிய ஏகாம்பரநாதன் தமிழ்நாட்டுக்காரர் என்று அவர் அப்போது பெருமையடித்துக்கொண்டதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையும் அதுதான்.

ஒற்றை நூலை அப்படியே பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். இரண்டு ஒற்றை நூலைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் முறுக்கிப் புரி போட்டால் சரியாகிவிடும்.

எஸ்டேட்டில் கொடுத்த கறுப்புக் கம்பளியும் இதே வகைதானா?

இது வேறு ரகம். அந்தக் கறுப்புக் கம்பளி தக்காணத்துச் செம்மறியின் முரட்டு ரோமம். ஆந்திர, கன்னடப் பக்கத்தில் குறும்பர்கள் நூற்று, தறியில் நெய்வது. பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள், அதனால்தான் புதிதில் அவ்வளவு விறைப்பு. மழையைச் சட்டென்று உள்ளே விடாது.

தொழிலாளர்களுக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு தருவதற்கு மாநில அரசு விதி வகுக்கலாம் என்று 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருந்தது. சட்டம் எதற்குக் கொடுக்கச் சொன்னாலும் லயத்தில் கம்பளி படும் பாடு வேறு. போர்வை, பாய், குழந்தைக்குத் தொட்டில் விரிப்பு, கடைசியில் கதவிடுக்கில் காற்று வராமல் செருகும் துணி.

மழைக்காலத்தில் ஸ்வெட்டரைத் துவைத்தால் காய்வதே இல்லையே?

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எங்களுக்கும் அதே கஷ்டம்தான். அதனால் கம்பளியை அடிக்கடி துவைக்காதீர்கள். ஈரக் காற்று இல்லாத ஒரு மத்தியானம் உதறித் தொங்கவிட்டாலே பாதி நாற்றம் போய்விடும். துவைத்தே ஆக வேண்டுமென்றால் குளிர்ந்த தண்ணீரில் ஷாம்பு போட்டு அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் வைத்துப் பாய்போல் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். அப்புறம் தட்டையாக விரித்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் கனத்தில் கீழ்நோக்கி நீண்டுவிடும்.

வெந்நீர் கூடவே கூடாது. ரோமத்தின் மேல் ஓடு அடுக்கியதுபோல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும், பிறகு பிரியாது. என் வீட்டுக்காரர் குல்லாவை நான் ஒருமுறை வெந்நீரில் போட்டு அலசினேன். தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு வந்தது. தூக்கிப்போட மனமில்லாமல் இரண்டாக வெட்டி அடுப்பில் பிடிதுணியாக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அதைப்போல ஒரு பிடிதுணி இதுவரை அமையவில்லை. கம்பளி சட்டென்று தீப்பிடிக்காது.

அக்ரிலிக்கைப் பிடிதுணியாக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம், சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கு மேலே கம்பி கட்டி அதைக் காயவைப்பதும் ஆபத்து.

பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது?

அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வை, உணவுக்கறை இருக்கும் இடத்தில் முதலில் வாய் வைக்கும், அதனால் துவைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். வேப்பிலை, வசம்பு எல்லாம் ஓரளவுக்கு விரட்டும், உள்ளே ஏற்கனவே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

வீட்டிலேயே சாயம் போடலாமா?

கம்பளி நூலுக்குப் போடலாம். அக்ரிலிக்கில் இந்தச் சாயம் ஏறாது. சாயம் பிடித்து நிற்க 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரம். வெந்நீரில் கரைத்து, நனைத்த நூலை அதில் போட்டு, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சிறுதீயில் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். வெங்காயச் சருகை நூல் எடைக்குச் சமமாக எடுத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் நூலைப் போட்டால் பொன்னிறம் முதல் காவி வரை வரும். மஞ்சள்தூள் முதல் நாள் கண்ணைப் பறிக்கும், பத்து நாள் வெயிலில் வெளுத்துவிடும்.

தேயிலைத் தூளுக்குப் படிகாரம்கூட வேண்டாம், நல்ல பழுப்பு தரும். அந்தத் தண்ணீரில் இரண்டு துருப்பிடித்த ஆணியைப் போட்டால் பழுப்பு இருண்டு கரும்சாம்பல் ஆகும். ஆணி அதிகமானால் நூல் நைந்துவிடும். கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரத்தின் இலையில் எனக்குப் பழுப்புதான் கிடைத்தது. யூகலிப்டஸில் சில இனங்கள் ஆரஞ்சு தரும். இயற்கைச் சாயத்தை நேரில் பார்க்க விரும்பினால் மூணாறிலேயே ஆரண்யா இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் அங்கே இலை, பட்டை, சருகு கொண்டு துணிக்குச் சாயமேற்றுகிறார்கள். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ஆண்கள் பின்னலாமா?

தாராளமாக. மலையில் ஆடு மேய்க்கிற ஆண்கள் நடந்துகொண்டே ரோமம் நூற்பது காலங்காலமாக இருக்கிற பழக்கம்.

போடி, கம்பம் வெயிலில் இருக்கிறவர்களுக்கு இதனால் என்ன பிரயோஜனம்?

பருத்தி நூலில் பின்னுங்கள். குழந்தைச் சட்டை, சந்தைக்குப் போகும் வலைப்பை, பாத்திரம் தேய்க்கும் துணி எல்லாம் வரும். பருத்தி இழுபடாது, அதனால் கை கொஞ்சம் சீக்கிரம் வலிக்கும். அரைமணிக்கு ஒருமுறை விரலை நீட்டி மடக்கிக்கொள்ளுங்கள்.

பின்னி விற்று நாலு காசு பார்க்கலாமா?

ஸ்வெட்டரை விற்க ஆசைப்படாதீர்கள். 50 மணி நேரம் உட்கார்ந்து பின்னியதைச் சுற்றுலா வந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையின் மிஷின் ஸ்வெட்டர் விலைக்குக் கேட்பார். எனக்கு நடந்திருக்கிறது, கோபத்தில் இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. குழந்தைக் குல்லா, சின்னச் சாக்ஸ் என்றால் 50 கிராம் நூலில் இரண்டு சாயங்காலத்தில் முடியும், சீசனில் போகும். வீட்டுச் செலவை அதை நம்பி வைக்க வேண்டாம்.

பாதியில் விட்ட ஸ்வெட்டர் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. தொடரலாமா?

முதலில் எந்த எண் ஊசி என்று பாருங்கள். பல பேர் அந்த ஊசியை உருவி வேறொன்றுக்குப் போட்டிருப்பார்கள். ரொம்ப நாள் ஊசியிலேயே நின்ற வரிசை தளர்ந்திருக்கும், இரண்டு மூன்று வரிசை அவிழ்த்துவிட்டுத் தொடருங்கள். இனிமேல் விடும்போது ஒரு சீட்டில் ஊசி எண், எந்தப் பாகம், எத்தனையாவது வரிசை என்று எழுதிக் குத்தி வையுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஆரம்பித்த நீல ஸ்வெட்டரை ஆறு வருஷம் கழித்துப் போன மாதம் எடுத்தேன். சீட்டில் என் கையெழுத்தில் ‘எண் 9, முன்பக்கம், 64-வது வரிசை’ என்று இருந்தது. அதற்குக் கீழே மகள் எப்போதோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்: ‘அப்பாவுக்கு இது பத்தாது.’ அளந்து பார்த்தேன், பத்தவில்லை. அவிழ்க்க ஆரம்பித்தாயிற்று. இப்போது கையை நீட்டிக்கொண்டு நிற்பவள் அவள்தான்.